மேற்கோள் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

காரைக்குடியில் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி கருவியை வைத்துக் கவனம், நினைவு, மொழி என்று ஆராயும் அறிதிறன் நரம்பறிவியல்காரர் ஒருவரிடம் ஹெச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு எடுத்தாண்டார்கள் என்று காட்டும் எண்) எவ்வளவு என்று கேட்டால், ஒரே நாளில் மூன்று எண் சொல்ல முடியும். மேற்கோள்களை எண்ணும் தளங்களான கூகுள் ஸ்காலரில் 8, ஸ்கோபஸில் 5, வெப் ஆஃப் சயின்ஸில் 4 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சரிதான். ஒரே நெல்லை மூன்று கடையில் மூன்று விதப் படியால் அளந்த கதை. பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஒரு எண், பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் வேறொன்று, நிதிக்கான விண்ணப்பத்தில் இன்னொன்று என்று போய் நிற்கும்போதுதான் தொல்லை. அப்போது பார்ப்பவர் படியைச் சந்தேகப்பட மாட்டார், ஆளைத்தான் சந்தேகப்படுவார்.

வெளியீடுகளையும் அவற்றுக்கு வந்த சைட்டேஷனையும் (பிறர் எடுத்தாண்ட மேற்கோளையும்) எங்கே முதல் கணக்காகப் பராமரிப்பது, மற்ற இடங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் கணக்கு ஆர்சிட், அதாவது ஆய்வாளருக்கு ஒரு நிரந்தர எண் கொடுத்து அவர் வெளியீடுகளைப் பட்டியலிடும் பதிவேடு. வருடத்துக்கு இரண்டு முறை திருத்த வேண்டியது ஸ்கோபஸ். யார் நம் வேலையை எடுத்தாள்கிறார்கள் என்று பார்க்க ஸ்காலர். பதவி உயர்வுப் புள்ளி கேட்கும்போது மட்டும் வெப் ஆஃப் சயின்ஸ். மற்றவை ஓய்வு நேரத்துக்கு.

செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் அன்றன்று நடந்ததெல்லாம் முதலில் குறிப்பில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். கடைசியில் ஐந்தொகை எடுப்பார்கள். ஸ்காலர் குறிப்பு மாதிரி: வந்ததெல்லாம் ஏறும், கிறுக்கலும் ஏறும். ஸ்கோபஸ் இன்னொருவர் எடுத்துக் கொடுக்கிற ஐந்தொகை. ஆர்சிட்தான் நம் கையில் இருக்கிற பேரேடு. ஆனால் பேரேட்டின் முதல் பக்கத்தில் பெயர் சரியாக விழ வேண்டும். செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கு குழம்புவது அங்கேதான்.

விலாசமும் கணினியும்

நகரத்தார் பெயருக்கு முன்னால் வரும் விலாசம் தனி ரகம். ‘ராம.’ என்பது ஒரே பெயரின் சுருக்கம்; ஆங்கிலத்தில் ஆர், எம் என்று இரண்டு எழுத்தாக எழுதி ஒரு புள்ளி வைப்பார்கள். ‘பழ.’ என்றால் பி, எல். ‘அழ.’ என்றால் ஏ, எல். ஆய்விதழின் மென்பொருள் இதை ஒரு முன்னெழுத்தாகப் பார்ப்பதில்லை. ஆர் ஒன்று, எம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிடும். இன்னொரு இதழில் அதையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டால், ‘ஆர்எம்’ என்பவர் எழுதிய கட்டுரை என்று பதிவாகும். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. அழகப்பன் என்ற பெயரில் ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ போடுவார், ஒருவர் ‘இசட் எச்’ போடுவார். மெய்யப்பனில் இரண்டு ‘ஒய்’யா, ஒரு ‘ஐ’யும் ஒரு ‘ஒய்’யுமா, ஒற்றை ‘ஒய்’ போதுமா? மூன்றும் புழக்கத்தில் உண்டு. தாத்தா பெயர் பேரனுக்கு வருகிற ஊரில் ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் உள்ளவர்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு விலாசம் மாறுகிற பெண்களுக்கு இன்னும் கஷ்டம்: பிஎச்.டி. காலத்துக் கட்டுரைகள் அப்பா எழுத்திலும், பிறகு வந்தவை கணவர் எழுத்திலுமாகப் பிரிந்து கிடக்கும்.

புகழ்பெற்றவர்களுக்கும் இது நடப்பதுதான். புரதத்தின் வடிவத்தைச் சொல்லும் ராமச்சந்திரன் வரைபடம் ஜி. என். ராமச்சந்திரனுடையது, 1963-இல் வந்தது. வெட்டுப்பட்ட கை இன்னும் இருப்பதாக உணரும் மாய உறுப்பு ஆய்வும் கண்ணாடிப் பெட்டியும் வி. எஸ். ராமச்சந்திரனுடையவை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். ‘வி’ விளையனூர் என்கிற ஊர்ப்பெயர். அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் இதய ஆய்வில் ராமச்சந்திரன் எஸ். வாசன் என்று ஒருவர். சில கட்டுரைகளில் அவர் பெயர் முன்பின்னாக, வாசன் எஸ். ராமச்சந்திரன் என்று நிற்கிறது. ‘ராமச்சந்திரன் வி. எஸ்.’ என்று தட்டிவிட்டு வருவதையெல்லாம் எண்ணினால் மூளையும் இதயமும் ஒரே ஆளின் கணக்கில் கூடிவிடும்.

இதற்கு நல்ல வழி: இன்னும் ஒரு கட்டுரையும் வெளியாகவில்லை என்றால், முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரை முதல் பெயர்க் கட்டத்திலும் உங்கள் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். தமிழ் வரிசையும் மாறாது. மேற்கோளில் உங்கள் பெயரும் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள குறை. வெளிநாட்டு மாநாட்டுச் சான்றிதழ், விசா கடிதம் ஆகியவற்றில் பெயர் பொருந்தவில்லை என்பார்கள். அதற்காக அப்பா பெயரைக் கடைசியில் வைத்தால் உலகம் உங்களை அப்பா பெயராலேயே எடுத்தாளும். சிலருக்கு அதில் மகிழ்ச்சிதான். ஏற்கெனவே நான்கைந்து கட்டுரை வந்துவிட்டதென்றால் இப்போது முறையை மாற்றாதீர்கள். எந்த வடிவம் அதிகம் இருக்கிறதோ அதையே தொடருங்கள்.

நிறுவனப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். காரைக்குடியில் ‘அழகப்பா’ என்று ஆரம்பிக்கும் நிறுவனங்கள் பல: அழகப்பா பல்கலைக்கழகம், அழகப்பா அரசு கலைக் கல்லூரி, அழகப்பச் செட்டியார் பெயரில் அரசுப் பொறியியல் கல்லூரி. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி வேறு. கட்டுரையில் ‘அழகப்பா, காரைக்குடி’ என்று சுருக்கி எழுதினால் தரவுத்தளம் எதோடாவது சேர்த்துவிடும். துறை, நிறுவனத்தின் முழுப்பெயர், ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு எல்லாம் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கூகுள் ஸ்காலர்: நிறைய வரும், நிறையக் களையெடுக்க வேண்டும்

2004-இல் வந்தது, ஆய்வாளர் பக்கம் எல்லோருக்கும் திறந்தது 2011-இல். காசு கிடையாது, சந்தா கிடையாது, தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். அறிதிறன் நரம்பறிவியல்காரருக்கு இதில் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. இந்தத் துறையில் வேலை பல வடிவத்தில் வெளிவருகிறது: பயோஆர்க்கைவ், சைஆர்க்கைவ் போன்ற இடங்களில் முன்பதிப்பு (இதழில் வருவதற்கு முன் போடும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கம், சுவரொட்டி, புத்தக அத்தியாயம், மென்பொருள், தரவுத்தொகுப்பு. ஸ்காலர் இவற்றில் பலவற்றையும் எண்ணும். செத்த சால்மன் மீனை, மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்துப் படமெடுத்து, புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் செத்த மீனின் மூளையும் வேலை செய்வதாகத் தெரியும் என்று கிரெய்க் பென்னட் குழுவினர் 2009-இல் காட்டியது ஒரு மாநாட்டுச் சுவரொட்டியில்தான். 2012-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. சுவரொட்டியை எண்ணாத கணக்கில் அப்படிப்பட்ட வேலைக்கு இடம் கிடையாது.

இனி களை. ஸ்காலர் பெயரைப் பார்த்துத் தானாகவே கட்டுரை சேர்க்கும். அதே காரைக்குடியில் 1953-இலிருந்து இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரே பெயரும் ஒரே ஊரும் பொருந்தினால், மூளை ஆய்வாளரின் பக்கத்தில் லித்தியம் மின்கலம் பற்றிய கட்டுரை வந்து உட்கார்ந்துவிடும். மின்வேதியியல் கட்டுரைக்குச் சைட்டேஷன் தாராளமாக வருவதால் எண்ணும் அழகாக உயரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் ஒருவர் அந்தத் தலைப்பை வாசித்துக் காட்டினால் பதில் சொல்ல வராது. அதனால் பக்கம் தொடங்கிய அன்றே அமைப்பில் போய், தானாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, ‘மின்னஞ்சல் அனுப்பு, பார்த்துச் சேர்க்கிறேன்’ என்ற தேர்வை வையுங்கள். நிறுவன மின்னஞ்சலால் சரிபார்த்தால்தான் தேடலில் உங்கள் பக்கம் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்பதிப்பு தனியாக, இதழில் வந்தது தனியாக நிற்பது அடுத்த குறை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் பக்கத்தில் 12 பதிவுகள்; சைட்டேஷன் வரிசையாக 64, 41, 23, 15, 12, 9, 8, 6, 3, 2, 1, 0. மொத்தம் 184. ஹெச்-இண்டெக்ஸ் என்பது, எத்தனையாவது கட்டுரை வரை ‘வரிசை எண்ணுக்குக் குறையாத சைட்டேஷன்’ இருக்கிறதோ அந்த எண். கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் சொன்னது. இங்கே ஏழாவதுக்கு 8 இருக்கிறது, சரி. எட்டாவதுக்கு 6-தான், போதாது. ஆகவே ஹெச்-இண்டெக்ஸ் 7. இப்போது ஒன்பதாவது பதிவு (3 சைட்டேஷன்) எட்டாவது கட்டுரையின் முன்பதிப்புதான் என்று தெரிகிறது. இரண்டையும் ஒருவரே எடுத்தாண்ட இடம் ஒன்று உண்டு. அது ஒருமுறைதான் எண்ணப்படும். சேர்த்தால் 6-உம் 3-உம் 9 ஆகாமல் 8 ஆகிறது. பதிவுகள் 11, மொத்தம் 183. ஒன்று குறைந்துவிட்டது. ஆனால் எட்டாவது கட்டுரைக்கு 8 வந்ததால் ஹெச்-இண்டெக்ஸ் 8 ஆகிவிட்டது. பத்தோ அதற்கு மேலோ வாங்கிய கட்டுரைகளை எண்ணும் ஐ10-இண்டெக்ஸ் மட்டும் 5-லேயே நிற்கும்.

சேர்ப்பது எளிது. உள்ளே நுழைந்து, இரண்டு பதிவுக்கும் முன்னால் உள்ள கட்டத்தில் டிக் போட்டு, மேலே வரும் சேர்ப்புப் பொத்தானை அழுத்தி, இதழில் வந்த வடிவத்தை முதன்மையாகத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். சேர்த்த பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்பட வேண்டாம். சேர்ந்தவை வேறு கட்டுரையாகவும் இருக்கலாம் என்று ஸ்காலர் சொல்கிற எச்சரிக்கை அது. ஆனால் மாநாட்டுச் சுருக்கத்தை முழுக் கட்டுரையோடு சேர்க்காதீர்கள். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் பங்கேற்றவர் எண்ணிக்கையும் முடிவும் வேறாக இருக்கலாம். அது கணக்கைப் பெருக்குகிற வேலை.

ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும்

அலுவலகம் கேட்பது இவை இரண்டையும்தான். தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் வெளியீட்டுக் கணக்கை இவற்றிலிருந்தே எடுக்கிறது. வருடா வருடம் செய்தித்தாளில் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று பெயர் போடுகிறார்களே, ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு எடுக்கும் அந்தப் பட்டியலும் ஸ்கோபஸ் தரவுதான். அது வெறும் ஹெச்-இண்டெக்ஸைப் பார்ப்பதில்லை. தனி ஆசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்ற இடங்களையும் சேர்த்து மதிப்பிடுகிறது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் மூளைப்பட ஆய்வுக் கூட்டமைப்புக் கட்டுரைகளில் நடுவில் பெயர் வந்தவருக்கு சைட்டேஷன் குவிந்தாலும் இந்த மதிப்பீட்டில் பெரிதாக ஏறாது. அது நியாயமும்கூட.

எல்ஸ்வியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் 2004-இல் வந்தது. இதில் ஆய்வாளர் பக்கத்தை நீங்கள் தொடங்க வேண்டியதில்லை. கட்டுரை ஏறியதும் இயந்திரமே ஓர் எண்ணைக் கொடுத்துத் தொடங்கிவிடும். நல்லதும் கெட்டதும் அதுவே. பெயர் வடிவம் மாறிய இடத்தில் இரண்டாவது எண்ணைக் கொடுத்துவிடும். மேலே பார்த்த அதே ஆள் ஸ்கோபஸில் 38, 27, 16, 11, 7, 5, 4, 3 என்று 8 கட்டுரையோடு இருந்தால் மொத்தம் 111, ஹெச்-இண்டெக்ஸ் 5. பெயர் பிரிந்து, 38-உம் 7-உம் வாங்கிய இரண்டு கட்டுரை வேறொரு எண்ணில் போய்விட்டால்? மீதி 27, 16, 11, 5, 4, 3. ஹெச்-இண்டெக்ஸ் 4, மொத்தம் 66. உழைப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது, ஒரு புள்ளி வைத்த இடத்தால் காணாமல் போகிறது.

திருத்தச் சந்தா தேவையில்லை. ஸ்கோபஸின் ஆசிரியர் தேடல் இலவசமாகத் திறந்திருக்கிறது. கடைசிப் பெயர், முதல் பெயர் இரண்டையும் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை இடம் மாற்றியும் தேடுங்கள். பிறகு முன்னெழுத்தையே கடைசிப் பெயராக வைத்துத் தேடுங்கள். காணாமல் போனது பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். உங்களுடைய பக்கங்களை டிக் செய்து, சேர்க்கும் கோரிக்கையை அழுத்தி, எந்தப் பெயர் வடிவம் நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, உங்களுடையதல்லாத கட்டுரைகளை நீக்கி, நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். உடனே நடக்காது, வாரக்கணக்கில் ஆகலாம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் இதைத் தொடங்கிப் பயனில்லை. முன்பதிப்புகளை ஸ்கோபஸ் 2021-இலிருந்து ஆசிரியர் பக்கத்தில் காட்டுகிறது. ஆனால் ஹெச்-இண்டெக்ஸில் சேர்ப்பதில்லை. எண்ணிக்கை உயரவில்லையே என்று புகார் எழுதுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் ஒரு கடிதம் மிச்சம்.

வெப் ஆஃப் சயின்ஸ் மூவரில் மூத்தது. யூஜீன் கார்ஃபீல்ட் 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையின் வாரிசு. தாம்சன் ராய்ட்டர்ஸிடம் இருந்தது, 2016-இல் கிளாரிவேட் ஆனது. இதழ்களைத் தேர்ந்தெடுப்பதில் கெடுபிடி அதிகம், அதனால் எண் மூன்றிலும் குறைவாக வரும். இதை எதற்குப் பார்க்க வேண்டும் என்றால், இம்பாக்ட் ஃபாக்டர் (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்படுகின்றன என்ற எண்) என்பது இவர்கள் வெளியிடுவது மட்டும்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிமுறை ஆய்வுப் புள்ளியை இம்பாக்ட் ஃபாக்டரை வைத்துக் கணக்கிடுகிறது: 1-க்குக் கீழே 10 புள்ளி, 1-லிருந்து 2 வரை 15, 2-லிருந்து 5 வரை 20, 5-லிருந்து 10 வரை 25, அதற்கு மேல் 30. (அந்த விதிமுறை 2018-இலும் ‘தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல்’ என்றே எழுதியிருக்கிறது.) இரண்டு ஆசிரியர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் இருந்தால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. இம்பாக்ட் ஃபாக்டர் 3.2 உள்ள இதழில் ஐந்து பேர் எழுதிய கட்டுரை என்றால் இந்த வகைக்கு முதல் ஆசிரியருக்கு 14, நடுவில் உள்ளவருக்கு 6. பெங்களூரு நிமான்ஸ் போன்ற இடத்தோடு சேர்ந்து எம்ஆர்ஐ ஆய்வு செய்யும் காரைக்குடிக்காரர், ஆசிரியர் வரிசையைத் தரவு எடுப்பதற்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்வது இதனால்தான் நல்லது.

ஸ்கோபஸின் சைட்ஸ்கோர் வேறு எண். இம்பாக்ட் ஃபாக்டர் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை வைத்து வருவது. சைட்ஸ்கோர் நான்கு ஆண்டு வீச்சு. ஒன்றை மற்றொன்றின் கட்டத்தில் எழுதினால் புள்ளி மாறும், விளக்கமும் கேட்பார்கள். எங்கோ ஒரு போலி அமைப்பு விற்கிற ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ அட்டையில் போட்டுக்கொண்டு திரியும் இதழ்கள் இன்னொரு கூட்டம். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் வெளியிடுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் ‘ஸ்கோபஸ் இதழ்’ என்றுதான் இருக்கும். இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை எடுத்து ஸ்கோபஸின் இலவச மூலப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஏனென்றால் நல்ல இதழின் பெயரையே திருடிப் போலித் தளம் நடத்துவார்கள். இதழ் பட்டியலில் இருந்தாலும், எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். முடிந்த ஆண்டு போட்டிருந்தால் அது நீக்கப்பட்ட இதழ். பழைய கட்டுரைகள் பெரும்பாலும் நிற்கும், உங்கள் புதிய கட்டுரை ஏறாது.

நல்ல இதழுக்கும் இந்தக் கணக்கில் அடி விழுவதுண்டு. 2023 ஏப்ரலில் ‘நியூரோஇமேஜ்’ இதழின் ஆசிரியர் குழுவில் 40-க்கும் மேற்பட்டோர், கட்டுரைக்கு 3,450 டாலர் கட்டணம் அநியாயம் என்று ஒரே நேரத்தில் விலகி, எம்ஐடி பிரஸ் மூலம் ‘இமேஜிங் நியூரோசயின்ஸ்’ தொடங்கினார்கள். ஆட்கள் அதே ஆட்கள், தரமும் அதே தரம். ஆனாலும் தொடங்கிய நாளில் அதற்கு இம்பாக்ட் ஃபாக்டர் கிடையாது. புதிய இதழ் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஏறக் காத்திருக்க வேண்டும். நரம்பறிவியல் கட்டுரைகள் நிறைய வருகிற ‘ஈலைஃப்’ 2023-இல் ஏற்பு, நிராகரிப்பு என்ற முறையையே எடுத்துவிட்டது. அதையொட்டி, 2025-இல் அதற்கு இம்பாக்ட் ஃபாக்டர் கிடையாது என்று கிளாரிவேட் 2024-இன் கடைசியில் அறிவித்தது. அறிவியலுக்காக இதழைத் தேர்ந்தெடுப்பவர் இவற்றுக்குத் தயங்காமல் அனுப்பலாம். அடுத்த ஆண்டு பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர் கணக்குப் போட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. வருத்தம்தான்.

புத்தகங்களுக்கு ஒரு வழி: வெப் ஆஃப் சயின்ஸில் மேற்கோள் மூலத்தைத் தேடும் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே தரவுத்தளத்தில் இல்லாத நூலுக்கோ அத்தியாயத்துக்கோ வந்த சைட்டேஷனையும் தேடி எடுக்கலாம். சந்தா வேண்டும், வளாக இணைப்பில் கிடைக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

ஆர்சிட் ஏன் முதலில்

ஆர்சிட் சைட்டேஷன் எண்ணாது. ஹெச்-இண்டெக்ஸ் தராது. அதனாலேயே பலர் எண்ணை வாங்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2012-இல் தொடங்கியது, தனி ஆளுக்கு இலவசம், 16 இடம் கொண்ட எண். கடைசி இடத்தில் சிலருக்கு ‘எக்ஸ்’ வரும். அது பத்து என்பதைக் குறிக்கும் சோதனை இலக்கம். தட்டச்சுப் பிழை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், நான்கு கணக்கில் உங்கள் கையெழுத்து செல்லுபடியாகும் கணக்கு இது ஒன்றுதான். வேலை மாறினாலும், விலாசம் மாறினாலும் எண் மாறாது. ‘வேறு பெயர்கள்’ பகுதியில் மேலே சொன்ன அத்தனை எழுத்துக்கூட்டலையும், கல்யாணத்துக்கு முந்தின பெயரையும், தமிழ் எழுத்தில் பெயரையும் ஏற்றி வைக்கலாம். மின்னஞ்சல் இரண்டு கொடுங்கள். நிறுவன முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு, வேலையை விட்ட பிறகு கடவுச்சொல் மறந்தால் உள்ளே நுழையப் பெரும்பாடு படவேண்டும்.

கட்டுரை ஏற்றுவதில் ஒரு கண்ணி. ஸ்காலரிலிருந்து பட்டியலைப் பிப்டெக்ஸ் என்ற வகைக் கோப்பாக இறக்கி, ஆர்சிட்டில் ஒரே அழுத்தில் ஏற்றலாம் என்று பலர் சொல்வார்கள். ஏற்றலாம்தான், ஆனால் ஸ்காலர் தரும் கோப்பில், கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாளமான டிஓஐ எண் இருக்காது. ஒரே கட்டுரை இரண்டு வழியில் வந்தால் ஆர்சிட் டிஓஐயைப் பார்த்துத்தான் ஒன்றாக அடுக்கும். டிஓஐ இல்லாதது தனியாக நிற்கும். பட்டியலில் எல்லாமே இரட்டை இரட்டையாகத் தெரிவது இப்படித்தான். ஆகவே டிஓஐகளைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப்பின் தேடலை இணைத்து எடுங்கள். விடுபட்டதை டிஓஐ அல்லது பப்மெட் எண்ணைத் தட்டிச் சேருங்கள். டிஓஐ கிடையாத மாநாட்டுச் சுருக்கங்களை மட்டும் கையால் எழுதுங்கள். அடுத்த கட்டுரையை அனுப்பும்போது இதழின் தளத்திலேயே ஆர்சிட் கணக்குக்குள் நுழைந்து இணைத்துவிட்டால், வெளியானதும் கிராஸ்ரெஃப் அனுமதி கேட்டு ஆர்சிட்டுக்குச் செய்தி அனுப்பும். ஒருமுறை சம்மதம் கொடுத்தால் பிறகு தானாக ஏறும். 

ஓபன்நியூரோ போன்ற களஞ்சியத்தில் போட்ட தரவுத்தொகுப்பு, எழுதிய நிரல் ஆகியவற்றுக்கும் டிஓஐ இருந்தால் ஆர்சிட்டில் இடமுண்டு. இந்தத் துறையில் அது சின்ன விஷயமில்லை. 2004-இல் வந்த ஈஈஜிலேப் கருவிப்பெட்டிக் கட்டுரை பல்லாயிரம் முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. கருவி செய்தவருக்குக் கிடைக்கிற பெயரை எத்தனையோ கண்டுபிடிப்புக் கட்டுரைகள் தொட்டதில்லை.

மற்றவை

வித்வான் என்ற ஆய்வாளர் விவரத் தளம், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்துவது. பல்கலைக்கழகத்தின் ஐரின்ஸ் பக்கம் இதோடு சேர்ந்து ஓடுகிறது, ஸ்கோபஸ் எண்ணையும் ஆர்சிட் எண்ணையும் கொடுத்தால் அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. ஸ்கோபஸ் எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் மட்டும் யாரோ ஒருவரின் கட்டுரைகள் உங்கள் புகைப்படத்துக்குக் கீழே தொங்கும். எண் கொடுத்த மறுவாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

செமான்டிக் ஸ்காலர் என்ற கட்டுரைத் தேடல் தளம் கணினி அறிவியலுக்குப் பிறகு நரம்பறிவியலைச் சேர்த்துக்கொண்டது, 2016-இல். பேருக்கு எடுத்தாண்டதையும் உண்மையிலேயே பயன்படுத்தியதையும் பிரித்துக் காட்ட முயல்கிறது. ஓபன்அலெக்ஸ், மைக்ரோசாஃப்ட் அகாடமிக் மூடிய இடத்தில் 2022-இல் வந்த திறந்த தரவு. பெயர்க் குழப்பம் இதிலும் உண்டு. ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டை வெளியீட்டுக் கணக்காக எங்கும் காட்டாதீர்கள்; பதிப்பாளரின் பிடிஎஃப்பை அங்கே ஏற்றுவதற்கு முன் உரிமம் பாருங்கள்.

யார் எதைச் செய்யலாம்

பிஎச்.டி. முதலாண்டு மாணவருக்கு ஆர்சிட் மட்டும் போதும், அதுவும் முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே. ஸ்காலர் பக்கம் இரண்டு கட்டுரை வந்த பிறகு தொடங்கலாம். பூஜ்யத்தைத் தினமும் திறந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது. பதவி உயர்வுக்குப் போகும் உதவிப் பேராசிரியர் ஆறு மாதத்துக்கு முன்பே ஸ்கோபஸ் பக்கங்களைச் சேர்க்கக் கோரிக்கை அனுப்ப வேண்டும். இதழின் இம்பாக்ட் ஃபாக்டரைக் கட்டுரை வெளியான ஆண்டுக்குரியதாக எடுத்து ஸ்கிரீன்ஷாட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு முதுமுனைவர் பணிக்கு விண்ணப்பிப்பவருக்கு ஸ்காலர் இணைப்பே அதிகம் கைகொடுக்கும். அங்கே பேராசிரியர்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான். அதனால் அவருக்கு லித்தியம் மின்கலத்தைக் களைவதுதான் முதல் வேலை.

கைடு தேடும் மாணவர் இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் மொத்த எண்ணைப் பார்க்க வேண்டாம். கடைசி ஐந்தாண்டில் அவர் கடைசி ஆசிரியராகவும் அவர் மாணவர் முதல் ஆசிரியராகவும் இருக்கும் கட்டுரைகளை எண்ணுங்கள். இந்தத் துறையில் ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில் வருவது வழக்கம். அந்த மாணவர்களின் பெயரை, இந்திய ஆய்வேடுகளின் களஞ்சியமான ஷோத்கங்காவில் போட்டால் ஆய்வேடு எந்த ஆண்டில் சமர்ப்பிக்கப்பட்டது என்று தெரியும். சேர்ந்த ஆண்டையும் விசாரித்துக் கழித்துப் பாருங்கள். ஹெச்-இண்டெக்ஸ் சொல்லாததை அந்தக் கழித்தல் சொல்லும்.

விண்ணப்பத்தில் எழுதும்போது எண்ணைத் தனியாக விடாதீர்கள். எந்தப் படி, எந்தத் தேதி இரண்டும் கூட வரட்டும். மேலே பார்த்த ஆளுக்கு அந்த வரி இப்படி இருக்கும்: ‘ஸ்கோபஸ்: 8 கட்டுரை, 111 சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் 5. கூகுள் ஸ்காலர்: மாநாட்டுச் சுருக்கமும் அத்தியாயமும் சேர்த்து 11 வெளியீடு, 183 சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் 8. இரண்டும் ஒரே நாளில் பார்த்தவை. முழுப் பட்டியல் ஆர்சிட் பக்கத்தில்.’ பார்த்த நாளை அதன் கீழே எழுதிவிடுங்கள்.